மலையளவு தார் இருந்தும் இறக்குமதி ஏன்? இந்தோனேஷியாவின் பூத்தோன் தீவு சொல்லும் பாடம்

2022 செப்டம்பர் 27ஆம் தேதி இந்தோனேஷியாவின் அன்றைய அதிபர் ஜோகோ விடோடோ பூத்தோன் என்ற தீவுக்குச் சென்றார். (இமயமலை நாடான பூட்டானுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) சுலவேசியின் தென்கிழக்கு ஓரத்தில் உள்ள இந்தத் தீவின் மண்ணுக்கடியில் தார் ஊறிய பாறை பெருமளவில் கிடக்கிறது. அதைப் பதப்படுத்தும் ஆலையைப் பார்வையிட்ட அதிபர், 66 கோடியே 20 லட்சம் டன் இருப்பு இங்கே இருக்கும்போது நாடு ஏன் ஆண்டுதோறும் வெளிநாட்டுத் தாரை வாங்க வேண்டும் என்று கேட்டார். இரண்டு ஆண்டுகளில், அதாவது 2024க்குள், தார் இறக்குமதி நின்றுவிட வேண்டும் என்று கெடுவும் விதித்தார்.

2024 வந்தது, போனது. அந்த ஆண்டு அக்டோபரில் அதிபரும் மாறினார். தார் ஏற்றிய கப்பல்கள் மட்டும் இந்தோனேஷியத் துறைமுகங்களுக்கு வருவதை நிறுத்தவில்லை. இப்போது பிரபோவோ சுபியாந்தோவின் அரசும் பூத்தோன் தாரைப் பயன்படுத்த வேண்டும் என்றே பேசிக்கொண்டிருக்கிறது.

முஸ்லிம்கள் மிக அதிகமாக வாழும் நாடுகளில் ஒன்றான இந்தோனேஷியாவில் இப்படி ஒரு நிலை என்றதும், நம்மில் பலருக்கு உடனே ஒரு பதில் தோன்றும். 'வல்லரசுகள் விடமாட்டார்கள், பன்னாட்டுக் கம்பெனிகளின் சதி' என்பதே அது. பேச இது வசதியான பதில்தான். ஆனால் பூத்தோன் விஷயத்தை நிதானமாகப் பார்த்தால் காரணங்கள் வேறு இடத்தில் இருப்பது தெரிகிறது. பாறையின் இயல்பு, ஆலையின் கணக்கு, டெண்டரின் விதி, லாரியின் எடை என்று அவை நம் கண்ணெதிரிலேயே கிடக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுல்தான்கள் ஆண்ட தீவு

பூத்தோன் ஒரு காலத்தில் தனி சுல்தானகம். 16ஆம் நூற்றாண்டில் அதன் அரசர் இஸ்லாத்தைத் தழுவினார். தஸவ்வுஃப் மரபின் ஏழு படித்தரங்கள் என்ற கோட்பாட்டை ஒட்டி நாட்டின் ஆட்சிச் சட்டத்தையே அமைத்துக்கொண்டவர்கள் அவர்கள். பவ்பவ் நகரத்துக் குன்றின் மேல் அவர்கள் கட்டிய கோட்டை இன்றும் நிற்கிறது. பரப்பளவில் உலகின் பெரிய கோட்டைகளில் ஒன்றாக அது எண்ணப்படுகிறது.

டச்சுக்காரர்களின் ஆட்சியில், 1920களில், இங்கே தார்ப்பாறை வெட்டியெடுப்பது தொடங்கியது. அப்படியானால் இந்தப் பாறையைப் பற்றி உலகுக்குத் தெரிந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகின்றன. கபுங்கா, லாவெலே என்ற இரண்டு இடங்கள் இதற்குப் பெயர்பெற்றவை. பூத்தோன் தாரை இந்தோனேஷியர்கள் சுருக்கமாக 'அஸ்புத்தோன்' என்கிறார்கள்.

நிலத்திலிருந்து கிடைக்கும் தாரை மனிதர்கள் பயன்படுத்துவது புதிதல்ல. 14ஆம் நூற்றாண்டில் பக்தாத் நகருக்குச் சென்ற இப்னு பதூதா, அங்குள்ள குளியல் கூடங்களின் சுவர்களிலும் தரையிலும் தார் பூசப்பட்டிருந்ததையும், பார்ப்பவருக்கு அது கரும் பளிங்காகத் தோன்றியதையும் பதிவு செய்திருக்கிறார். கூஃபாவுக்கும் பஸ்ராவுக்கும் இடையே இருந்த ஓர் ஊற்றிலிருந்து அந்தத் தார் வந்தது. மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள டிரினிடாடில் சுமார் 40 ஹெக்டேர் பரப்பில் ஒரு தார் ஏரியே இருக்கிறது. 1876இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் பென்சில்வேனியா அவென்யூவுக்குத் தார் போட்டபோது டிரினிடாட் ஏரித் தார்தான் பயன்பட்டது.

ஆக, இயற்கைத் தாரால் நல்ல சாலை போட முடியுமா என்ற கேள்விக்கு வரலாறு எப்போதோ விடை சொல்லிவிட்டது. முடியும். எப்போது முடியும், எப்போது முடியாது என்பதே இன்றைய கேள்வி.

சாலை ஏன் கெடுகிறது?

இதைப் புரிந்துகொள்ளத் தார்ச்சாலையின் உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். நாம் வழக்கில் தார் என்று சொல்வது பிட்டுமென் என்ற பொருள். கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் முதலியவற்றைப் பிரித்தெடுத்த பிறகு சுத்திகரிப்பு ஆலையின் அடியில் தங்கும் கறுப்புப் பசை அது. சாலையின் மேற்பரப்பில் எடைக்கணக்கில் 100க்கு 94, 95 பங்கு ஜல்லியும் தூளும்தான். தாரின் பங்கு வெறும் ஐந்தாறு. ஆனால் அந்த ஐந்தாறு பங்குதான் மீதி எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கிறது.

அந்தப் பிடிக்கு மூன்று எதிரிகள் உண்டு. முதலாவது வெயில். சாதாரணத் தார் 50 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கும். நிலநடுக்கோட்டு நாடுகளின் உச்சிவெயிலில் சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியையும் தாண்டும். அந்த நேரத்தில் கனரக லாரிகள் மெதுவாக ஊர்ந்தால், சக்கரம் போகும் தடத்தில் சாலை அமுங்கி வாய்க்கால்போல் பள்ளம் விழுகிறது. சிக்னல் அருகிலும் சுங்கச்சாவடி அருகிலும் இதை நாம் அதிகம் பார்க்கலாம்.

இரண்டாவது காற்று. காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டுப் பட்டுத் தார் முதுமை அடைகிறது, இறுகுகிறது, பசைத்தன்மையை இழந்து விரிசல் விடுகிறது.

மூன்றாவது தண்ணீர். விரிசல் வழியே இறங்கும் மழைநீர் ஜல்லியையும் தாரையும் பிரிக்கிறது. அதன் மேல் சக்கரம் ஏறி இறங்கும்போது உள்ளே சிக்கிய நீர் அழுத்தப்பட்டு ஜல்லியைப் பெயர்த்து எறிகிறது. ஒரே மழையில் சாலை காணாமல் போகும் ரகசியம் இதுதான்.

இந்த மூன்றையும் எதிர்க்கவே தாரில் சேர்மானங்களைக் கலக்கிறார்கள். எஸ்பிஎஸ் என்ற செயற்கை ரப்பர் வகையைச் சில சதவீதம் சேர்த்தால் தார் வெயிலில் எளிதில் இளகாது. சக்கரம் அழுத்திவிட்டுப் போன பின் மீண்டு எழும் தன்மையும் அதற்கு வரும். பழைய டயர்களை அரைத்த தூள், இயற்கை ரப்பர் பால், கழிவுப் பிளாஸ்டிக், ஜல்லியோடு தார் நன்றாக ஒட்ட உதவும் நீற்றுச் சுண்ணாம்பு என்று இந்தப் பட்டியல் நீளும். இயற்கைப் பாறைத் தாரும் இப்படி ஒரு சேர்மானமாகப் பயன்படக் கூடியதுதான்.

பாறைத் தாரின் பலம் எது, பலவீனம் எது?

பூத்தோன் பாறையில் தாரின் பங்கு பெரும்பாலும் 15 முதல் 30 சதவீதம். மீதியெல்லாம் கனிமம், பெரும்பகுதி சுண்ணாம்புக்கல். அதிபர் சொன்ன 66 கோடி டன் என்பது பாறையின் எடை. தாரின் எடை அன்று. இந்த விகிதத்தில் கணக்குப் போட்டால் உள்ளே இருக்கும் தார் 10 கோடி முதல் 20 கோடி டன் வரை. இதுவும் பெரிய செல்வம்தான். ஆனாலும் தலைப்புச் செய்தியில் வரும் எண்ணுக்கும் கையில் கிடைக்கும் எண்ணுக்கும் இடையே இவ்வளவு தூரம் இருப்பதைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

கடினத்தன்மை இதன் முதல் பலம். சாலைப் பொறியாளர்கள் தாரின் கெட்டித்தன்மையை ஓர் எளிய சோதனையால் அளக்கிறார்கள். 25 டிகிரி வெப்பத்தில், 100 கிராம் எடை தாங்கிய ஓர் ஊசியைத் தாரின் மேல் 5 விநாடி விடுவார்கள். அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கணக்கில் பார்ப்பார்கள். இந்தோனேஷியாவில் வழக்கமான சாலைத் தாரின் அளவு 60 முதல் 70 வரை. ஊசி 6, 7 மில்லிமீட்டர் இறங்கும். கபுங்கா பாறையின் தாரிலோ அது அரை மில்லிமீட்டர் இறங்குவதே அரிது. லாவெலே பாறையின் தார் இதைவிட மிகவும் இளக்கமானது.

கடினமான இந்தத் தாரை வழக்கமான தாரோடு அளவாகச் சேர்த்தால் கலவை இறுகுகிறது. இளகும் வெப்பநிலை உயர்கிறது. சக்கரத் தடப் பள்ளம் விழுவது குறைகிறது. நீண்ட காலம் பூமியில் கிடந்து ஏற்கெனவே முதிர்ந்த தார் என்பதால் காற்றினால் வரும் முதுமையையும் ஓரளவு தாங்குகிறது. பாறையிலுள்ள சுண்ணாம்புத் தூளும் வீணாவதில்லை. சாலைக் கலவைக்கு எப்படியும் தேவைப்படும் நுண்தூளின் இடத்தை அது நிரப்பிவிடுகிறது.

இதில் இன்னொரு பயனும் உண்டு. பூத்தோன் பாறையைக் கொண்டு ஆலையில் சூடாகத் தயாரித்து, ஆறிய பிறகு கொண்டுபோய் விரிக்கக்கூடிய ஒரு கலவையை இந்தோனேஷியர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். 17,000க்கும் மேற்பட்ட தீவுகள் கொண்ட நாடு அது. தார்க்கலவை ஆலை இல்லாத சின்னஞ்சிறு தீவுகளுக்குச் சூடான கலவையைக் கொண்டுபோக முடியாது; வழியிலேயே ஆறிக் கெட்டியாகிவிடும். ஆறிய கலவையை விரித்து உருளை ஓட்டலாம் என்பது அங்குள்ள மக்களுக்கு மிகப் பெரிய வசதி.

பலவீனமும் அதே கடினத்தன்மையிலிருந்தே வருகிறது. அளவு மீறிச் சேர்த்தால் சாலை இறுகிப்போகும், வளைந்து கொடுக்காது. அடியிலுள்ள மண் இளகியதாக இருந்தால், மேலே பாரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் சாலை கொஞ்சம் வளைந்தாக வேண்டும். வளைய முடியாத சாலை வெடிக்கும். கடுங்குளிர் உள்ள நாடுகளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

அதைவிடப் பெரிய சிக்கல் சீரின்மை. ஓர் இடத்தில் வெட்டிய பாறையில் 18 சதவீதம் தார் என்றால் பக்கத்துக் குழியில் 25 சதவீதம் இருக்கலாம். ஈரப்பதமும் இடத்துக்கு இடம் மாறும். சாலைக் கலவையில் தார் அரை சதவீதம் கூடினால் வெயிலில் கசிந்து வழுக்கும். அரை சதவீதம் குறைந்தால் ஜல்லி உதிரும். இவ்வளவு நுட்பமான கணக்குக்குள் தினமும் குணம் மாறும் ஒரு பொருளைக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? கடந்த தலைமுறையில் இந்தோனேஷியாவில் பூத்தோன் பாறையை அப்படியே உடைத்துப் போட்ட பல சாலைகள் எதிர்பார்த்த ஆயுளைத் தரவில்லை. இறக்குமதித் தாரே நல்லது என்ற எண்ணம் பொறியாளர்கள் மனத்தில் வேரூன்ற அந்த அனுபவமும் ஒரு காரணம்.

டிரினிடாட் ஏரித் தார் உலகச் சந்தையைப் பிடித்ததன் காரணம் இங்கேதான் விளங்குகிறது. ஏரியின் எந்த மூலையில் எடுத்தாலும் ஏறத்தாழ ஒரே குணம். வாங்குபவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். பூத்தோனுக்கு இந்த நம்பிக்கை இயற்கையாகக் கிடைக்கவில்லை. சலித்து, உலர்த்தி, கலந்து, சோதித்து, சான்றளித்து அதைச் செயற்கையாக உருவாக்கியாக வேண்டும். இன்று அங்கு விற்கப்படும் தூள் வகைகளுக்கு 5/20, 50/30 என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதல் எண் ஊசி இறங்கும் அளவு; இரண்டாவது எண் தாரின் சதவீதம். மூட்டையின் மேலே எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்கும் என்ற உறுதியை வாங்குபவருக்குத் தரும் முயற்சி அது.

கெடு ஏன் தவறியது?

பூத்தோன் தாரைப் பயன்படுத்தச் சொல்லி இந்தோனேஷியப் பொதுப்பணி அமைச்சகம் 2006இலும் 2018இலும் விதிமுறைகளை வெளியிட்டது. ஆணைக்கும் அறிக்கைக்கும் அங்கே பஞ்சமில்லை. பிறகு ஏன் காரியம் நடக்கவில்லை?

முதலில் விலைக் கணக்கு. சுத்திகரிப்பு ஆலைக்குத் தார் என்பது எப்படியும் மிஞ்சும் அடிமண்டி. அது திரவமாகவே கப்பலில் ஏறி, திரவமாகவே தொட்டியில் இறங்குகிறது. சிங்கப்பூரிலிருந்து சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் தூரமும் அதிகமில்லை. பூத்தோன் தாரையோ வெட்ட வேண்டும், உடைக்க வேண்டும், உலர்த்த வேண்டும். 20 சதவீதம் தார் உள்ள பாறை என்றால் ஒரு டன் தாருக்காக ஐந்து டன் பாறையைக் கடல் கடத்த வேண்டும். கரைப்பான் ஊற்றித் தாரை மட்டும் பிரித்தெடுக்கலாம் என்றால் அந்தக் கரைப்பானுக்கும் அதைத் திரும்ப மீட்பதற்கும் செலவு. கச்சா எண்ணெய் விலை ஏறும்போது பூத்தோன் தார் கட்டுபடியாகும் என்று எல்லோரும் பேசுவார்கள். விலை இறங்கியதும் பேச்சும் இறங்கிவிடும். விலை உச்சத்தில் இருக்கும் இரண்டு வருடத்தை நம்பி யார் ஆலை கட்டுவார்கள்?

அடுத்தது, கோழி முந்தியா முட்டை முந்தியா என்ற சிக்கல். தரமான சரக்கு போதிய அளவு கிடைத்தால் வாங்குகிறோம் என்கிறார்கள் ஒப்பந்ததாரர்கள். ஆண்டுதோறும் இவ்வளவு வாங்குவோம் என்று உறுதி கொடுத்தால் ஆலை கட்டுகிறோம் என்கிறார்கள் முதலீட்டாளர்கள். இதற்கிடையே பூத்தோன் பாறையைச் சீனா வாங்கித் தன் சாலைகளுக்குச் சேர்மானமாகப் பயன்படுத்துகிறது. சொந்த நாடு தயங்கும் பொருளுக்கு அயல்நாடு பயன் கண்டுபிடிக்கிறது.

நிக்கல் விவகாரத்தை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. 2020 ஜனவரி முதல் நிக்கல் தாதுவை ஏற்றுமதி செய்யக் கூடாது, உள்நாட்டிலேயே உருக்க வேண்டும் என்று இந்தோனேஷியா தடை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. 2022இல் தீர்ப்பு இந்தோனேஷியாவுக்கு எதிராக வந்தது. அப்படியும் தடை நீடித்தது, உருக்காலைகள் பெருகின. சுற்றுச்சூழல் பாதிப்பு பற்றிய கடுமையான விமர்சனங்கள் உண்டு என்றாலும், நிக்கலில் அரசு நினைத்தது நடந்தது.

தாரில் ஏன் நடக்கவில்லை? நிக்கலை வாங்க உலகமே வரிசையில் நின்றது. வாசலை மூடியதும் வாங்குபவர்கள் உள்ளே வந்து ஆலை கட்டினார்கள். சாலைத் தாருக்கோ நாட்டின் மிகப் பெரிய வாடிக்கையாளர் அரசாங்கமேதான். மத்திய அரசு, மாகாண அரசு, மாவட்ட நிர்வாகம் என்று சாலை போடுபவர்களெல்லாம் பொதுப் பணத்தில்தான் போடுகிறார்கள். இங்கே யாரையும் தடுக்கத் தேவையில்லை. அரசு தானே வாங்க வேண்டும். தொடர்ந்து வாங்க வேண்டும். தரம் பார்த்து வாங்க வேண்டும். அடுத்தவருக்குத் தடை போடுவதைவிடத் தனக்குத் தானே ஒழுங்கு விதித்துக்கொள்வது கடினம். சதி என்று யாரையும் சுட்டிக்காட்ட இந்தக் கதையில் இடமில்லாமல் போவது இதனால்தான்.

மதுரையும் பாலியும்

சேர்மானங்களின் வரலாற்றில் நம் ஊருக்கும் ஓர் இடம் உண்டு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், கழிவுப் பிளாஸ்டிக்கைச் சாலையில் சேர்க்கும் முறையை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கினார். சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் துண்டுகளைத் தூவினால் அவை உருகி ஜல்லிக்கு மெல்லிய போர்வையாகின்றன. அதன் மேல் தார் சேர்கிறது. தண்ணீர் உள்ளே போக அந்தப் போர்வை விடுவதில்லை. இதற்காக 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

கடலில் கலக்கும் பிளாஸ்டிக்கால் தவிக்கும் இந்தோனேஷியாவும் இந்த வழியை முயன்றது. 2017 ஜூலையில் பாலித் தீவின் உதயனா பல்கலைக்கழக வளாகத்தில் 700 மீட்டர் நீளத்துக்குப் பிளாஸ்டிக் கலந்த சாலையைப் போட்டுச் சோதித்தார்கள். ரப்பர் விலை வீழ்ந்து விவசாயிகள் வாடியபோது, இயற்கை ரப்பரைத் தாரில் கலக்கும் திட்டத்தையும் அரசு எடுத்தது.

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்ற ஆசை இவற்றிலெல்லாம் தெரிகிறது. குப்பை தீரும், சாலையும் உறுதியாகும். ரப்பர் விவசாயி பிழைப்பார், சாலையும் நிலைக்கும். அந்நியச் செலாவணி மிஞ்சும், சாலையும் கிடைக்கும். ஆசையில் தவறில்லை. ஆனால் சாலையின் தேவையை முதலில் பார்த்துச் சேர்மானத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கையில் மிஞ்சிய பொருளைக் கொட்ட ஓர் இடம் வேண்டும் என்பதற்காகச் சாலையைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு மாங்காயும் கிடைக்காது. தேய்ந்துபோகும் சாலையிலிருந்து நுண்பிளாஸ்டிக் மண்ணிலும் நீரிலும் கலக்குமா என்ற கேள்வியையும் ஆய்வாளர்கள் எழுப்புகிறார்கள். அதைப் புறந்தள்ள முடியாது.

தாருக்கு மேலே இருக்கும் பிரச்சினை

2023 ஏப்ரலில் சுமத்ராவின் லாம்புங் மாகாணத்தைச் சேர்ந்த, ஆஸ்திரேலியாவில் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர், தன் மாகாணத்தின் சீரழிந்த சாலைகளைக் கிண்டல் செய்து காணொளி வெளியிட்டார். அவர் மேல் காவல்துறையில் புகார் கொடுக்கப்பட்டது. நாடு கொந்தளித்தது. மே 5ஆம் தேதி அதிபரே லாம்புங் சென்று குண்டும் குழியுமான சாலைகளில் பயணம் செய்து பார்த்தார். உள்ளூர் நிர்வாகத்தால் முடியாத சாலைகளை மத்திய அரசு சரிசெய்யும் என்று அறிவித்தார்.

குழியைக் காட்டியவன் மேல் புகார் போவதும், அதிபர் வருகிறார் என்றதும் தார் லாரி வருவதும் நமக்கும் பழகிய காட்சிகள்தாம். ஆனால் அந்தச் சாலைகளைக் கெடுத்தது தாரின் வகை மட்டும்தானா? இந்தோனேஷியாவில் அளவு மீறிப் பெரிதாக்கப்பட்ட, எடை மீறி ஏற்றப்பட்ட லாரிகள் தேசியப் பிரச்சினை. அவற்றைத் தடுக்க அரசு பலமுறை கெடு வைத்தது. லாரி உரிமையாளர்களும் ஓட்டுநர்களும் எதிர்க்க, கெடு தள்ளிக்கொண்டே போகிறது.

இதன் கணக்கு அச்சமூட்டுவது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் சோதனைச் சாலைகளின் மேல் லாரிகளை இரவு பகலாக ஓட்டிப் பார்த்தார்கள். அந்தச் சோதனையிலிருந்து பிறந்த விதிப்படி, சாலைக்கு ஏற்படும் சேதம் அச்சின் எடையைப் போல நான்காம் அடுக்கில் கூடுகிறது. ஒன்றரை மடங்கு எடை ஏற்றினால் சேதம் ஐந்து மடங்கு. இரண்டு மடங்கு ஏற்றினால் பதினாறு மடங்கு. எந்தச் சேர்மானமும் சாலையின் பலத்தைப் பதினாறு மடங்கு ஆக்குவதில்லை. ஒரு லாரி முதலாளி மிச்சப்படுத்தும் ஒரு நடைக் கூலியை, குழியில் விழுந்து காலொடிந்த பைக்காரரும் ஆம்புலன்ஸில் காத்திருக்கும் கர்ப்பிணியும் சேர்ந்து கட்டுகிறார்கள்.

வடிகாலின் கதையும் இதுவே. ஓரத்தில் நீர் வடிய வழியில்லாத சாலையில் உலகின் உயர்ந்த தாரைப் போட்டாலும் அடுத்த பருவமழைக்கு அது குளமாகும்.

மூன்றாவதாக, டெண்டர் விதி. யார் குறைந்த விலை கேட்டாரோ அவருக்கே வேலை என்றால், நல்ல சேர்மானத்துக்குக் கூடுதலாகச் செலவழிப்பவர் போட்டியிலேயே தோற்றுவிடுவார். போட்ட சாலையை இத்தனை ஆண்டு நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும், அதற்கேற்பத்தான் பணம் என்று ஒப்பந்தம் எழுதினால் நிலைமை மாறும். அப்போது சேர்மானம் போடச் சொல்லி யாரும் கட்டளையிட வேண்டியதில்லை. தன் நஷ்டத்தைத் தவிர்க்க ஒப்பந்ததாரரே தேடிப் போடுவார். இத்தகைய ஒப்பந்தங்களை இந்தோனேஷியா சோதனை முறையில் முயன்றிருக்கிறது. அவற்றைப் பரவலாக்கினால் பூத்தோன் தாருக்கும் நியாயமான ஒரு போட்டிக்களம் கிடைக்கும்.

நாம் கேட்க வேண்டிய கேள்வி

பூத்தோன் தாரை விட்டுவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வெப்ப மண்டலச் சாலைகளுக்கு அளவோடு சேர்த்தால் அது நல்ல பொருள். சின்னத் தீவுகளுக்கு அது அருட்கொடை. முழுத் தாரையும் பிரித்தெடுத்து இறக்குமதியை ஒரே மூச்சில் நிறுத்துவோம் என்று முழங்குவதைவிட, தூளாகவும் கலவையாகவும் அது இன்றே பயன்படும் இடங்களில் உறுதியான கொள்முதலைக் கொடுப்பது நடைமுறைக்கு உகந்தது. சுரங்க வாசலிலேயே ஒவ்வொரு சரக்கும் சோதிக்கப்பட வேண்டும். சாலையின் ஆயுளைக் கணக்கிட்டுப் பணம் கொடுக்க வேண்டும். எடைமேடைகளில் லஞ்சம் நிற்க வேண்டும். பாறையை வெட்டிக் கொடுக்கும் தீவு மக்களுக்கு அந்தச் செல்வத்தில் உரிய பங்கும், பாதுகாக்கப்பட்ட நீர்நிலையும் நிலமும் கிடைக்க வேண்டும். இவையெல்லாம் சேர்ந்தால்தான் அந்தப் பாறை சாலையாகும்.

நம் நாடும் தனக்குத் தேவையான தாரில் கணிசமான பகுதியை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. இங்கும் பிளாஸ்டிக் சாலை, டயர் தூள் சாலை, வைக்கோலிலிருந்து எடுக்கும் உயிரித் தார் என்று அறிவிப்புகள் வந்தபடி இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆர்வமூட்டும் செய்திதான். அடுத்த முறை அப்படி ஒரு செய்தியைப் படிக்கும்போது, 'என்ன கலந்தார்கள்' என்பதோடு நின்றுவிடாமல், எத்தனை மழைக்காலம் தாங்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் யார், தாங்காவிட்டால் செலவு யாருடையது என்றும் கேட்போம். ஊராட்சிக் கூட்டத்திலும் வார்டு கவுன்சிலரிடமும் கேட்கக்கூடிய எளிய கேள்விகள்தாம் இவை.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதையும் ஈமானின் ஒரு கிளையாகக் கற்றுக்கொண்ட சமூகம் நாம். முள்ளையும் கல்லையும் எடுத்துப் போடுவதோடு அந்தப் பாடம் முடிந்துவிடாது. பொதுப் பணம் ஓர் அமானிதம். அதில் போடும் சாலையும் அமானிதம்தான். பூமிக்கடியில் 66 கோடி டன் பாறையை வைத்திருக்கும் நாட்டுக்கும், ஒரு டன் கூட இல்லாத நாட்டுக்கும் அந்தப் பொறுப்பு ஒரே அளவுதான்.